ஆட்டிசம், ஏடிஹெச்டி குழந்தைகளுக்குக் கைரோபிராக்டிக்: பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? (சேலம் / ஏற்காடு)

வளமைய_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் டவுனிலும் ஏற்காடு மலைக் கிராமங்களிலும் வேலை பார்க்கும் சிறப்பாசிரியர் நான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது, முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்வதாகச் சொல்லும் கைரோபிராக்டிக் பேச்சுதான். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். அதை 'அட்ஜஸ்ட்' செய்தால் ஆட்டிசக் குழந்தை தூங்குமாம், மலச்சிக்கல் போகுமாம், கவனம் நிற்காமல் துறுதுறுவென்றிருக்கும் ஏடிஹெச்டி பையன் ஓரிடத்தில் உட்காருவானாம். 24 சிட்டிங் பேக்கேஜ், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி.

'போகாதீங்க' என்று ஒற்றை வரியில் சொன்னால் பெற்றோர் போவதை நிறுத்துவதில்லை, நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்துகிறார்கள். அதனால் காரணத்தோடு பேச வேண்டியிருக்கிறது. எந்தக் குழந்தையை நிச்சயம் அனுப்பக்கூடாது? தூக்கமும் சுபாவமும் மாறியது என்கிற அம்மாக்கள் பொய் சொல்லவில்லை; அப்படியானால் மாறியது எதனால்? ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களிடம் எதைக் கவனிக்கச் சொல்வது?

நான் மனதில் வைத்துக் கேட்பது நான்கு பேரை: நுனிக்காலில் நடக்கும் 5 வயது ஆட்டிசப் பையன், டவுன் சிண்ட்ரோம் உள்ள 8 வயதுப் பெண், வலிப்பு மருந்து எடுக்கும் பெருமூளை வாதக் குழந்தை, 9 வயது ஏடிஹெச்டி பையன். பிசியோ, டாக்டர், ஓ.டி. (செயல்வழிப் பயிற்சியாளர்) யாராவது விரிவாக எழுதுங்கள்.

---

பிசியோ_சூரமங்கலம் எழுதியது:

டீச்சர், யாரை அனுப்பக்கூடாதுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கிறேன். மத்த ரெண்டுலயும் வாதாட இடமிருக்கு, இதுல இல்லைங்க.

டவுன் சிண்ட்ரோம் பொண்ணு. தலை உட்கார்ந்திருக்கிற முதல் கழுத்தெலும்பு சி1, அதுக்குக் கீழ சி2. சி2-வோட முளை ஒண்ணு சி1 வளையத்துக்குள்ள நிக்கும். அதை நகராம பிடிச்சு வெச்சிருக்கிறது ஒரு குறுக்கு நார். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு அந்த நார் தளர்வு. எக்ஸ்ரே எடுத்தா நூத்துல 10 முதல் 20 பேருக்கு அங்க இடைவெளி கூடுதலா தெரியும், ஆனா அறிகுறி காட்டறது நூத்துல ஒண்ணு ரெண்டு பேர்தான். மத்தவங்க ஓடி ஆடிட்டு இருப்பாங்க, வெளியில ஒண்ணுமே தெரியாது. அந்தக் கழுத்தைச் சட்டுனு திருகினா முளை பின்னால போய்த் தண்டுவடத்தை அழுத்தும். 'போன வருசம் எடுத்த எக்ஸ்ரே நார்மல்'ங்கிறதும் காப்பு கிடையாது, வளர வளர மாறலாம். கழுத்து வலி, தலையை ஒரு பக்கமா சாய்ச்சே வெச்சிருக்கிறது, நடை தள்ளாடறது, கையில பிடி விட்டுப்போறது, பழகின பிள்ளை திரும்ப உடையிலயே சிறுநீர் போறது, இதுல ஏதாவது ஒண்ணு புதுசா வந்தா எங்ககிட்டயும் வேண்டாம், நேரா ஜி.எச்.

பெருமூளை வாதக் குழந்தை. நடக்காத பிள்ளைங்களுக்கு எலும்பு மெலிசு. வருசக்கணக்கா வால்ப்ரோயேட், ஃபெனிடாயின் மாதிரி மருந்து எடுத்தா இன்னும் மெலிசாகும். நாங்களே காலை நீட்டி மடக்கறப்போ மூட்டுக்கு ஒட்டித்தான் பிடிப்போம், நெம்புகோல் நீளம் குறையணும்னு. அந்த எலும்புல வேகமா ஒரு தள்ளு விழுந்தா முறியாதுன்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது. இன்னொண்ணு இடுப்பு. தசை இறுக்கத்தால தொடையெலும்போட பந்து கிண்ணத்தை விட்டு மெல்ல மெல்ல வெளிய நகரும். 30 சதவீதத்துக்கு மேல நகர்ந்தா எலும்பு டாக்டர் கட்டாயம் பார்க்கணும். 'ஒரு கால் குட்டையா இருக்கு, இடுப்பு புரண்டிருக்கு, நேர் பண்றேன்'னு சொல்ற இடத்துல அந்தக் குட்டைக்குக் காரணமே இந்த நகர்வா இருக்கலாம். இடுப்பு எக்ஸ்ரே பார்க்காம யாரும் கை வைக்கக் கூடாது.

தலையில நீர் கோத்து அதை வடிக்க ஷன்ட் குழாய் வெச்ச பிள்ளைங்களுக்கும் கழுத்துல கை வைக்க வேண்டாம். குழாய் காதுக்குப் பின்னால இறங்கிக் கழுத்து வழியாத்தான் வயித்துக்குப் போகுது. அகோன்ட்ரோபிளேசியா குள்ளத்தன்மை, முதுகுல பிறவிக் கட்டி இருந்து ஆபரேசன் ஆனவங்க, மூட்டெல்லாம் ரப்பர் மாதிரி வளையற பிள்ளைங்க, இவங்களுக்கும் அதேதான்.

நுனிக்கால் பையனைப் பத்தித்தான் எனக்கு ரொம்பக் கவலை. ஆட்டிசத்துல நுனிக்கால் நடை சகஜம்னு எல்லாரும் சொல்லிட்டு விட்டுடறோம். மூணு விஷயம் பாருங்க. தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் எந்திரிக்கறப்போ தொடை மேல கையை ஊன்றி ஊன்றி ஏறினா, கெண்டைக்கால் தடிச்சிருந்தா, படி ஏற முடியாம திணறினா டூஷேன் தசைநலிவு இருக்கான்னு பார்க்க சிபிகே ரத்தப் பரிசோதனை கேளுங்க. டூஷேன் பையன்கள்ல பேச்சுத் தாமதமும் ஆட்டிச அம்சங்களும் சேர்ந்தே இருக்கிறது உண்டு, அதனால உண்மையான நோய் மறைஞ்சு போகும். முன்ன நல்லா நடந்தவன் புதுசா நுனிக்கால் போட்டா, இல்லை முதுகு அடியில குழியோ முடிக்கொத்தோ இருந்தா, தண்டுவடம் கீழே ஒட்டி இழுக்குதான்னு எம்ஆர்ஐ. இதெல்லாம் இல்லைன்னா முழங்காலை நீட்டி வெச்சுப் பாதத்தை மேல மடக்கிப் பாருங்க. செங்கோணத்தைத் தாண்டி 10 டிகிரியாவது வந்தா நீட்டல் பயிற்சி போதும். செங்கோணத்துக்கே வரலைன்னா தொடர் மாவுக்கட்டு, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கிற ஏஎஃப்ஓ காலணி. பிரச்சனை கணுக்கால்ல இருக்கிறப்போ முதுகுல தட்டி என்ன பிரயோசனம்?

கடைசியா அந்த 'டக்' சத்தம். மூட்டு நீர்ல கரைஞ்சிருக்கிற வாயு குமிழாகறப்போ வர்ற சத்தம் அது. விரல் சொடுக்கினாலும் வருது. எலும்பு நகர்ந்ததுக்கோ நரம்பு விடுபட்டதுக்கோ அது அடையாளம் இல்லை. வீடியோவுல மைக்கை முதுகுக்குப் பக்கத்துல வெச்சு எடுக்கிறாங்க, கவனிச்சுப் பாருங்க.

---

குழந்தைநலம்_அஸ்தம்பட்டி எழுதியது:

மேலே எழுதியதில் எக்ஸ்ரே பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். 8 வயதுக்குக் கீழே தலை பெரிது, கழுத்துத் தசைநார் தளர்வு, எலும்புகளின் இணைப்புப் பரப்பு கிடைமட்டமாக இருக்கும். அதனால் கழுத்தைக் குனிந்து எடுத்த படத்தில் சி2, சி3-க்கு முன்னால் கொஞ்சம் சறுக்கியது போலத் தெரிவது இயல்பு. கழுத்தின் வளைவு தெரியாமல் நேராக இருப்பதும் பல குழந்தைகளில் இயல்பு. இந்த இரண்டையும் படத்தில் வட்டமிட்டு 'சப்லக்சேஷன்', அதாவது எலும்பு நகர்ந்திருக்கிறது என்று காட்டினால் எந்தப் பெற்றோரும் பயந்துதான் போவார்கள். வளர்ச்சிக் குறைபாட்டுக்காக முழு முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1895-இல் டி.டி. பால்மர் தொடங்கிய முறை இது. எலும்பு இம்மி நகர்ந்தால் நரம்பின் ஓட்டம் தடைப்படும், அதனால் உடம்பெங்கும் நோய் என்பது மூலக் கொள்கை. பிரிட்டனின் கைரோபிராக்டிக் ஒழுங்குமுறைக் கவுன்சிலே 2010-இல் அது ஒரு வரலாற்றுக் கருத்து, நோய்க்குக் காரணம் என்று சொல்லுமளவுக்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று எழுதிவிட்டது. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் மூளை உருவாகும் காலத்திலேயே, பெரும்பாலும் மரபுக் காரணங்களால், அமைந்துவிடும் வேறுபாடு. முதுகெலும்புக்கு இதில் பங்கே இல்லை.

ஏடிஹெச்டி குழந்தைகளுக்குக் கைரோபிராக்டிக் பற்றி 2010-இல் ஒரு முறையான ஆய்வுத் தொகுப்பு வந்தது. எழுதியவர்கள் வைத்த தர நிபந்தனைக்கு ஒரு ஆய்வுகூடத் தேறவில்லை. ஆட்டிசத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றைக் குழந்தை அறிக்கைகள், ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு முன்-பின் ஆய்வுகள், பெற்றோர் நிரப்பிய படிவங்கள்.

பெற்றோர் படிவத்தில் என்ன குறை என்று கேட்பீர்கள். 1990-களின் கடைசியில் செக்ரிடின் என்ற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்தைச் சரிசெய்கிறது என்று அலை அடித்தது. 1999-இல் 60 குழந்தைகளைச் சேர்த்து, சிலருக்கு அந்த ஊசியும் சிலருக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறியது. உப்புநீர் போட்ட குழந்தைகளின் பெற்றோரும் மாற்றத்தைப் பார்த்தார்கள்! முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வம் குறையாமல் இருந்தார்கள். இது முட்டாள்தனம் இல்லை, டீச்சர். இந்தக் குழந்தைகளின் நடத்தை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் பெற்றோர் புதிய இடம் தேடிப் போகிறார்கள். அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தேவலாம். அதோடு வாரம் இரண்டு நாள் அம்மா அப்பா இருவரும் குழந்தையோடு வெளியே போகிறார்கள், ஓர் அமைதியான அறையில் அரை மணி நேரம் ஒருவர் முழுக் கவனம் தருகிறார். பேச்சுப் பயிற்சியும் அந்த மாதமே தொடங்கியிருக்கும். புகழ் மட்டும் கடைசியாகச் சேர்ந்ததுக்குப் போகிறது.

ஆபத்தின் அளவு: 2007-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த தொகுப்பு, குழந்தைகளின் முதுகெலும்புக் கையாளல் தொடர்பான நேரடிப் பாதிப்பு 14 பேருக்கு ஏற்பட்டதை எடுத்தது. அதில் 9 கடுமையானவை. மூளை உறைக்குக் கீழே ரத்தக்கசிவு, இரு கால் செயலிழப்பு போன்றவை. இன்னும் 20 குழந்தைகளில் சரியான நோயறிதல் தாமதமானது அல்லது பொருந்தாத சிகிச்சை நடந்தது; சர்க்கரை நோயும் புற்றுக்கட்டியும் அதில் உண்டு. பதிவானவை குறைவு என்பதால் பாதிப்பு அரிது என்று சொல்லலாம். எத்தனை குழந்தைகளுக்குச் செய்ததில் இத்தனை என்ற கணக்கு இல்லாததால் எவ்வளவு அரிது என்று சொல்ல முடியாது. பலன் நிரூபிக்கப்படாத இடத்தில் அரிதான ஆபத்தும் அதிகம்தான்.

தூக்கம், மலச்சிக்கல் இரண்டுக்கும் தனியே எழுதுகிறேன். பேக்கேஜ் விற்பவர்கள் சொல்லும் 'பலன்' எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான். இரண்டுமே முதுகைத் தொடாமல் சரிசெய்யக்கூடியவை.

---

முதுகு_முதல் எழுதியது:

கொஞ்சம் மறுபக்கமும் பேசலாம். கைரோபிராக்டர் என்றாலே கழுத்தைத் திருகுபவர் என்ற சித்திரம் சரியில்லை. வெளிநாட்டில் முழுநேரப் பட்டம் படித்தவர்கள் சிறு குழந்தைக்கு வேகத் தள்ளல் செய்வதே அரிது. கண் இமை மேல் விரல் வைத்தால் உறுத்தாத அளவு அழுத்தம், சில நொடி பிடித்தல், அல்லது ஸ்பிரிங் வைத்த சிறு கருவி, அவ்வளவுதான். பெரியவர்களின் நாள்பட்ட கீழ்முதுகு வலியில் முதுகெலும்புக் கையாளல் மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறத்தாழச் சமம் என்று 2019-இல் பிஎம்ஜே ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எல்லாவற்றையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 14 வயது ஏடிஹெச்டி பையனுக்குப் புத்தகப் பை தூக்கி முதுகு வலித்தால் அவனும் மற்றப் பிள்ளைகளைப் போல முதுகு வலிக்குச் சிகிச்சை பெறலாம் அல்லவா?

---

குழந்தைநலம்_அஸ்தம்பட்டி எழுதியது:

பெறலாம், சார். முதுகு வலிக்கு முதுகைப் பார்ப்பதில் சண்டை இல்லை. ஏடிஹெச்டிக்கு முதுகைப் பார்ப்பதில்தான் சண்டை. இமை மேல் வைக்கும் அழுத்தம் தீங்கு செய்யாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்த அழுத்தம் எலும்பை நகர்த்தி நரம்பைத் திறக்கிறது என்ற கதையையும் அதோடு சேர்த்து விற்க முடியாது. மெல்லத் தொட்டால் குழந்தை அமைதியாகிறது என்றால் அதை அம்மாவே தினமும் செய்யலாம், 24 சிட்டிங் எதற்கு?

ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டர்கள் சட்டப்படி பதிவு பெற்றவர்கள். அங்கேயே 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்புக் கையாளலை 2019-இல் நிறுத்தி, 2023-இல் தளர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2024-இல் மறுபடி நிறுத்தி வைத்தார்கள். ஒழுங்குமுறை உள்ள நாட்டின் நிலைமையே இது. நம்மூரில் வார இறுதிப் பயிற்சி முடித்தவரும் அதே பலகைதான் மாட்டுகிறார்.

சரி, சொன்னபடி தூக்கம். ஆட்டிசக் குழந்தைகளில் பாதிக்கு மேல் தூக்கக் கோளாறு உண்டு. முதலில் ஃபெரிடின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். இரவில் காலை உதைத்துக்கொண்டே புரளும் குழந்தைக்கு ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் ஃபெரிடின் 50-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். சோறு தொடாமல் தினமும் ஒரு லிட்டர் பால் குடிக்கும் பிள்ளைகளிடம் இது அடிக்கடி. பாலை 400, 500 மில்லிக்குள் கொண்டுவந்தால் இரும்பும் ஏறும், மலச்சிக்கலும் இளகும். குறட்டை இருந்தால் அடினாய்டு, டான்சில். படுக்கும் நேரத்தை இப்போது உண்மையில் தூங்கும் நேரத்துக்கே தள்ளிவைத்து, பிறகு சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவருவது. எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றவே கூடாது. இதெல்லாம் செய்தும் வராவிட்டால் மெலடோனின், 1 முதல் 3 மி.கி.யில் தொடங்கி, படுக்க அரை மணி முதல் ஒரு மணி முன்பு, மருத்துவர் எழுதிக் கொடுத்து.

மலச்சிக்கல். உள்ளே கல்லாகக் கட்டியிருக்கும்போது வாழைப்பழம், விளக்கெண்ணெய் எதுவும் எடுபடாது. முதலில் கட்டியைக் கரைத்து வெளியேற்ற வேண்டும்: பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி, உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். பிறகு கிலோவுக்கு தினமும் 0.4 கிராம் அளவில் தொடங்கி, மலம் களி பதத்தில் இருக்கும்படி கூட்டிக் குறைத்து, மாதக்கணக்கில். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் தவறவிடுவது இரண்டாவது கட்டம். நாலு நாளில் வயிறு சுத்தமானதும் நிறுத்திவிடுவார்கள்; விரிந்துபோன குடல் சுருங்கப் பல மாதம் ஆகும், அதற்குள் மறுபடி கட்டிவிடும். உள்ளாடையில் எந்நேரமும் கறை இருந்தால் பெற்றோர் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்துவதும் உண்டு. அது கட்டியைச் சுற்றி வழிவது. ஏற்காட்டில் குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதே குறைவு, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். சாப்பிட்டு 20 நிமிடத்துக்குள், பாதம் பதியும்படி பலகை போட்டு, 5 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க முடியாது.

---

வளமைய_டீச்சர் எழுதியது:

மிக்க நன்றி டாக்டர், பிசியோ சார். பால் விஷயம் கண்ணைத் திறந்தது, எங்கள் பட்டியலில் பாதிப் பேர் அப்படித்தான். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதில் இரண்டு குடும்பம் மலை மேலிருந்து இறங்கி வருகிறது.

---

ஓடி_குறிஞ்சி எழுதியது:

டீச்சர், மலை மேலிருந்து வருபவர்களுக்கு முதலில் ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த குழந்தை, அதிலும் உள்காதுச் சமநிலையில் உணர்திறன் அதிகமுள்ள குழந்தை, பாதி வழியில் வாந்தி எடுத்து, வெளிறிப்போய்த்தான் மேசையில் படுக்கும். திரும்பி ஏறும்போது மறுபடி வாந்தி, தலைசுற்றல். கழுத்தில் கை வைத்த பிறகு வரும் வாந்தியும் தள்ளாட்டமும் ரத்தக்குழாய்க் கிழிசலின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய முடியாத சாலை இது. அதனால் மலைக் குடும்பங்களிடம் 'கழுத்தில் கை வைக்கவே கூடாது' என்று அங்கே சொல்லிவிடச் சொல்லுங்கள். உயர வித்தியாசத்தில் காது அடைப்பதும் உண்டு. காதில் நீர் கோத்திருக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் அன்று இரவு அழுதால் அது காது வலியாக இருக்கலாம்.

எந்தக் குழந்தைக்காவது கடும் கழுத்து வலி, ஓயாத வாந்தி, நடை தள்ளாட்டம், கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், சிறுநீர் அடைப்பு வந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவு. 'கழுத்தைத் திருகினார்கள்' என்பதை டூட்டி டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். பேசாத குழந்தை வலியைச் சொல்லாது. சாப்பிட மறுப்பது, தலையில் அடித்துக்கொள்வது, ஒரு பக்கம் மட்டும் படுப்பது என்று காட்டும்.

கவனிப்புக்கு வருகிறேன். 'நல்லா இருக்கான்' என்பது பதிவு இல்லை. சிட்டிங் தொடங்கும் முன்பே இரண்டு வாரம் எழுத வேண்டும், அது இல்லாமல் பிறகு எழுதும் எதற்கும் மதிப்பில்லை. ஒரு நோட்டில் நான்கு விஷயம் போதும்: விளக்கணைத்ததிலிருந்து தூங்கும்வரை எத்தனை நிமிடம், இரவில் எத்தனை முறை விழிப்பு, மலம் போனதா எந்தப் பதத்தில், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்த அழுகைப் புயல் எத்தனை. அதற்கு மேல் எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். சிட்டிங் நடக்கும் காலத்தில் வேறெதையும் புதிதாகத் தொடங்கக்கூடாது; மருந்து, டயட், புதிய பள்ளி எதுவும். வகுப்பாசிரியரிடம் சிட்டிங் பற்றிச் சொல்லாமலேயே அவரையும் தனியே குறிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஏறிய மதிப்பெண் பள்ளியில் ஏறவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று பெற்றோருக்கே புரியும்.

'இசா மதிப்பெண் குறைந்துவிட்டது பாருங்கள்' என்று காட்டும் இடங்களும் இருக்கின்றன. அது 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட்டு, 70-இல் தொடங்கி ஆட்டிசம் என்று சொல்லும் அளவுகோல். கண்டறிவதற்கும் ஊனமுற்றோர் சான்றிதழுக்கும் வந்தது. வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் அளக்க வந்ததில்லை. அதுவும் சிட்டிங் செய்பவரே போடும் மதிப்பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

தொடுதல் பற்றி டாக்டர் சொன்னதற்கு ஒரு வால். எல்லா ஆட்டிசக் குழந்தைக்கும் தொடுதல் இதமில்லை. பலருக்கு மெல்லிய வருடல்தான் எரிச்சல், அழுத்தமான பிடி இதம். குழந்தை கையைத் தள்ளினால் நிறுத்த வேண்டும். நாலு பேர் பிடித்துப் படுக்க வைத்து அட்ஜஸ்ட் செய்வது சிகிச்சையே இல்லை. வீட்டில் செய்வதென்றால் குளித்த பிறகு, தோளிலிருந்து விரல் நுனி நோக்கி, உள்ளங்கை முழுவதும் பதிய, மெதுவாக அழுத்தி அழுத்தி இறங்குங்கள், காலிலும் அப்படியே. 10 நிமிடம். வயிற்றையும் கழுத்தின் முன்பக்கத்தையும் விட்டுவிடுங்கள். எடைப் போர்வை வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். 2014-இல் 67 ஆட்டிசக் குழந்தைகளிடம் சோதித்ததில் தூக்க நேரம் கூடவில்லை, ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. பிடித்திருந்தால் போர்த்தலாம், தானே விலக்கத் தெரிந்த குழந்தைக்கு மட்டும். ஏற்காட்டுக் குளிருக்கு இரண்டு கம்பளியே அந்த எடை வந்துவிடும், காசு மிச்சம்.

---

பில்_கேளுங்க எழுதியது:

பணம் பற்றி மட்டும். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டக் கவுன்சில் இல்லை. பிசியோவும் ஓ.டி.யும் 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்துக்குள் வருகிறார்கள். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வு உளவியலாளர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்திலேயே சரிபார்க்கலாம். சுவரில் மாட்டிய சான்றிதழைப் படிக்காமல் எண்ணைக் கேளுங்கள்.

பேக்கேஜ் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எதைச் சரிசெய்யப் போகிறார், கழுத்தைத் தொடுவாரா, எத்தனையாவது சிட்டிங்கில் பலன் இல்லையென்று நிறுத்துவார், மீதிப் பணம் திரும்புமா. 'பழைய மருந்தை நிறுத்துங்க', 'வலிப்பு மாத்திரை வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் நான்குக்கும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை உண்டு. தெரபிச் செலவுக்கும் உள்வரம்போடு தருகிறார்கள். 24 சிட்டிங் பணத்துக்கு எத்தனை மாதம் பேச்சுப் பயிற்சி வரும் என்று பெற்றோரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 6 வயதுக்கு உட்பட்டவர்களை டிஇஐசியில் (அரசின் மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையம்) காட்டினால் டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம்.

---

வளமைய_டீச்சர் எழுதியது:

கடைசியாக ஒன்று. அந்த நுனிக்கால் பையனின் தம்பிக்கு 2 மாதம். தலை ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது. பாட்டி 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டச் சொல்கிறார். அப்பா கைரோவிடம் காட்டலாம் என்கிறார்.

---

பிசியோ_சூரமங்கலம் எழுதியது:

ரெண்டும் வேண்டாங்க, இந்த வாரமே குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. பெரும்பாலும் கழுத்தோட ஒரு பக்கத் தசை சுருக்கமாத்தான் இருக்கும். காதுக்குக் கீழ இருந்து நெஞ்செலும்புக்குப் போற தசையில சின்ன உருண்டை கையில தட்டுப்படலாம். 3 மாசத்துக்குள்ள பயிற்சி ஆரம்பிச்சா ரொம்ப நல்லா சரியாகும், அதனாலதான் அவசரம். கூடவே இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்க, இந்தப் பிள்ளைங்கள்ல சிலருக்கு இடுப்பும் விலகியிருக்கும். காய்ச்சல், வாந்தி, கண்ணு ஒதுங்கறது இருந்தா காரணம் வேற, அன்னிக்கே காட்டணும்.

டாக்டர் பார்த்துத் தசைதான்னு உறுதி பண்ணினதும் வீட்டுல: தலை வலது பக்கம் சாய்ஞ்சு தாடை இடது பக்கம் திரும்பியிருந்தா சுருங்கினது வலது தசை. பையனை வலது பக்கம் திரும்ப வைக்கணும். தொட்டில்ல தலைமாட்டை மாத்திப் போட்டு, வெளிச்சமும் ஆளு நடமாட்டமும் வலது பக்கம் வர்ற மாதிரி பாருங்க. பால் கொடுக்கறப்போ, கிலுகிலுப்பை ஆட்டறப்போ, பேச்சுக் கொடுக்கறப்போ எல்லாம் வலது பக்கத்துல இருந்தே. முழிச்சிருக்கிறப்போ, ஆள் பக்கத்துல இருக்க, 3, 4 நிமிசம் குப்புறப் போடுங்க, ஒரு நாளைக்குப் பல தடவை. கழுத்தை நீட்டி விடற பயிற்சியை மட்டும் நேர்ல காட்டிக் கொடுத்த பிறகுதான் செய்யணும், வீடியோ பார்த்து வேண்டாம். சேலையில உருட்டறது கண்டிப்பா வேண்டாம்னு பாட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க டீச்சர். நீங்க சொன்னா கேட்பாங்க.